விஷுவல் கே மெட்டல்கோர்: புது வெளியீடு தேறுமா என்று சென்னையில் இருந்தபடி கேட்டுப் பார்ப்பதும் வாங்குவதும் எப்படி

போன மாதம் என் சித்தி பையன் போனை நீட்டி, “அண்ணா, இந்த பேண்ட் தேறுமா?” என்று கேட்டான். கிண்டியில் இரண்டாம் வருடம் படிக்கிறான், மெட்டல் கேட்க ஆரம்பித்து இன்னும் ஒரு வருடம்கூட முடியவில்லை. திரையில் ஐந்து பேர். கறுப்பு லேஸ், வெள்ளை லென்ஸ் போட்ட கண்கள், ஒருவருக்குக் கன்னத்தில் ரத்தம் வழிவதுபோலச் சாயம். ஜப்பானிய விஷுவல் கே மெட்டல்கோர் பேண்ட், புது வெளியீட்டுக்கு நாற்பது நொடி முன்னோட்டம். அதையும் அவன் போன் ஸ்பீக்கரிலேயே கேட்டிருந்தான். அதை வைத்துக்கொண்டு தேறும், தேறாது என்று நான் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த ஐந்து பேருக்கும் அநியாயம் செய்ததாக ஆகியிருக்கும். “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாடா, உட்கார்ந்து கேட்போம்” என்றேன். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல வருடங்களாக இந்த இசையை வரவழைத்துக் கேட்டதில் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். விஷுவல் கே என்பது வேடமும் மேக்கப்பும் கட்டி மேடை ஏறும் ஜப்பானிய ராக் இசைப் பாணி. ‘கே’ என்றால் ஜப்பானிய மொழியில் வகை, பாணி. எக்ஸ் என்ற பேண்டை (பிற்பாடு எக்ஸ் ஜப்பான்) யோஷிகியும் தோஷியும் 1982-ல் தொடங்கினார்கள். அவர்களுடைய 1989 ஆல்பமான ‘ப்ளூ ப்ளட்’டில் ‘சைக்கடெலிக் வயலன்ஸ் கிரைம் ஆஃப் விஷுவல் ஷாக்’ என்று ஒரு வாசகம் இருந்தது. விஷுவல் என்ற சொல் இந்த இசையோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்த வாசகம் முக்கியமான காரணம். மெட்டல்கோர் வந்த வழி வேறு. ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்து அமெரிக்காவில் வளர்ந்தது அது. இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று தெரிந்துகொள்ள டிர் என் க்ரே போதும். 1997-ல் தொடங்கிய பேண்ட், 1999-ல் யோஷிகி தயாரிப்பில் ஒரே நாளில் மூன்று சிங்கிள் (ஒரு தலைப்புப் பாட்டை மையமாக வைத்த சிறு வெளியீடு) வெளியிட்டார்கள். அப்போது அவர்களுக்கு வேடமும் அதிகம், மெல்லிசையும் அதிகம். 2003-ல் ‘வல்கர்’ வந்தபோது கிடார் கனத்துவிட்டது, 2008-ல் வந்த ‘யூரோபோரோஸ்’ வேறு எந்த நாட்டு மெட்டலுக்கும் இளைத்தது இல்லை. கெசெட் என்ற பேண்ட் 2009-ல் ‘டிம்’ ஆல்பம் போட்டார்கள், நகோயாவிலிருந்து லிஞ்ச் என்ற பேண்ட் வந்தார்கள். அந்த வழியில்தான் இன்றைக்கு நாக்டர்னல் ப்ளட்லஸ்ட், டெக்ஸ்கோர், ஜிலுகா, ஒசாகாவின் டெவிலூஃப் எல்லாம் நிற்கிறார்கள். ஒரு புது பேண்டைக் கேட்கும் முன்னால் ‘யூரோபோரோஸ்’, ‘டிம்’, நாக்டர்னல் ப்ளட்லஸ்ட்டின் 2022 ஆல்பம் ‘ஆர்கோஸ்’ இந்த மூன்றையும் ஒரு வாரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் இல்லாமல் அளக்க முடியாது.

அறிவிப்பைப் படிப்பது

அறிவிப்புப் படத்தில் தேதிக்குக் கீழே டைப் ஏ, டைப் பி, சில சமயம் டைப் சி வரை இருக்கும். ஒரே சிங்கிள்தான், ஆனால் உள்ளடக்கம் மாறும். தலைப்புப் பாட்டு எல்லாவற்றிலும் இருக்கும், ஏ-யில் வீடியோ டிவிடி சேர்ந்து வரும், பி-யில் டிவிடிக்குப் பதிலாக இன்னொரு பாட்டு வரும். அந்த இன்னொரு பாட்டு ஸ்ட்ரீமிங்கில் ஏறாமலே போவதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பாட்டுகளில் இரண்டு மூன்று இப்படி டைப் பி-க்குள் ஒளிந்திருந்தவை. ‘ஷொகாய் கெந்தெய்’ என்று போட்டிருந்தால் முதல் அச்சு மட்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ‘ட்சூஜோ’ என்றால் சாதாரணப் பதிப்பு, அது அவசரம் இல்லாமல் கிடைக்கும்.

ஜப்பானில் சிடி பெரும்பாலும் புதன்கிழமை வெளியாகும். கடைக்குச் சரக்கு செவ்வாய்க்கிழமையே வந்துவிடும் என்பதால் அங்கிருப்பவர்கள் ஒரு நாள் முன்னாலேயே வாங்கிவிடுவார்கள், அதற்கு ‘ஃபுராகே’ என்று தனிப் பெயரே உண்டு. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஜப்பானில் புதன் பிறக்கும் நள்ளிரவு நமக்குச் செவ்வாய் இரவு 8.30. சில பாட்டுகள் அந்த நேரத்துக்கே ஸ்ட்ரீமிங்கில் வந்துவிடும், மற்றவை நம் ஊர் நள்ளிரவுக்குத்தான் வரும். யூடியூபில் வீடியோ வெளியிடுவது பெரும்பாலும் அவர்களுடைய இரவு 8 மணி அல்லது 9 மணி, அதாவது நமக்கு மாலை 4.30 அல்லது 5.30. வேலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு ஆபீஸ் கழிப்பறையில் நின்று பார்க்கவேண்டாம். முதல் தடவை கேட்பது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

முன்னோட்டத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள் என்று சொன்னேன் இல்லையா, அதற்குக் காரணம் இருக்கிறது. ‘எம்வி ஸ்பாட்’ (பாட்டு வீடியோவின் துண்டு விளம்பரம்) என்று வரும் அந்தத் துண்டில் அடியும் அலறலும்தான் இருக்கும், அல்லது கோரஸ் மட்டும் இருக்கும். இரண்டும் சேரும் இடம் இருக்காது. பேண்ட் தேறுமா என்பதே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கேட்பது: தையலைத் தேடுங்கள்

ஸ்பீக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சாதாரண கிடாரின் அடித்தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். இவர்கள் வாசிக்கும் ஏழு தந்தி கிடாரில் அது 62-க்கு இறங்கும், எட்டுத் தந்தியில் 46-க்கு. அதற்கும் கீழே இறக்கி ட்யூன் செய்பவர்களும் உண்டு. போன் ஸ்பீக்கரில் 200-க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. அப்போது கேட்பது கிடாரின் நிழலைத்தான். விலை அதிகமான ஹெட்ஃபோன் தேவையில்லை, காதில் இறுக்கமாக உட்காரும் ரப்பர் வைத்த சாதாரண இயர்போன் போதும். ரப்பர் அளவு சரியில்லாமல் லேசாகக் காற்று போனாலும் அடிச்சத்தம் மொத்தமும் போய்விடும் என்பதால் பெட்டியில் வரும் மூன்று அளவையும் மாட்டிப் பாருங்கள். மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது கேட்காதீர்கள். ரயில் சத்தமும் இந்தக் கிடாரும் ஒரே உயரத்தில்தான் உறுமும், ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

முதல் தடவை படம் பார்க்காமல் கேளுங்கள். வீடியோ ஓடட்டும், போனைக் கவிழ்த்து வையுங்கள். பாட்டின் அமைப்பு மட்டும் மனதில் விழட்டும். ஜப்பானியர்கள் பாட்டை ஏ-மெலோ, பி-மெலோ, ‘சபி’ என்று பிரிப்பார்கள். சபிதான் கோரஸ், பாட்டின் உயிர். நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும், அதன்பிறகு சரணத்துக்குப் போய்விட்டுத் திரும்பப் பல்லவிக்கு வரும். இவர்களிடம் பெரும்பாலும் பல்லவிக்காகக் காத்திருக்கவேண்டும். ஏ-மெலோவில் தரையில் நடப்பார்கள், பி-மெலோவில் படி ஏறுவார்கள், சபியில் மொட்டைமாடிக் கதவு திறக்கும். மெட்டல்கோரில் இதற்கு நடுவே பிரேக்டவுன் என்று ஒரு பெரிய பாறை வந்து உட்காருகிறது. அந்தப் பாறையைத் தாண்டி எப்படி மாடிக்குப் போகிறார்கள் என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

பிரேக்டவுனைப் புரிந்துகொள்ள கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. தாளம் போடும் கை அதே வேகத்தில்தான் போகிறது, ஆனால் பாட்டு இரண்டாம் காலத்திலிருந்து முதல் காலத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே மாதிரிதான் இங்கேயும். வேகத்தின் எண்ணிக்கை மாறாது, ஸ்நேர் டிரம் விழும் இடம் மட்டும் தள்ளிப் போய் மூன்றாவது தட்டில் விழும். உடனே எல்லாமே பாதி வேகத்துக்கு வந்துவிட்டதுபோல இருக்கும், உடம்பு தானாகக் குனியும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், கை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போது பாட்டு மட்டும் காலடியில் இறங்குவது தெரியும்.

சரி, இப்போது தையல். ஒரு சட்டையை வாங்கும்போது என் அப்பா வெளிப்பக்கம் பார்க்கமாட்டார், தோள்பட்டையைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்ப்பார். விஷுவல் கே மெட்டல்கோரில் அந்தத் தோள்பட்டை என்பது பிரேக்டவுன் முடிந்து சபி தொடங்கும் நாலைந்து நொடி. அங்கே அலறல் போய் ராகமான குரல் வரவேண்டும், அடித்தந்தியில் திம்திம் என்று நின்றுகொண்டிருந்த கிடார் மேலே ஏறவேண்டும், டிரம்மர் கதவைத் திறந்துவிடவேண்டும். சாதாரண பேண்டுகள் இங்கே ஒரு அரை நொடி மௌனம் விட்டு, சட்டென்று கோரஸைப் போட்டுவிடுவார்கள். இரண்டு வேறு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தமாதிரி இருக்கும். தேறக்கூடிய பேண்டில் பிரேக்டவுனுக்கு உள்ளேயே சபியின் சுவடு இருக்கும். பின்னணியில் ஒரு கீபோர்ட் ஸ்வரம் முன்னாலேயே வந்து நின்றிருக்கும், அல்லது இரண்டாவது கிடார் சபியின் மெட்டை யாரும் கவனிக்காதபடி அடியில் வாசித்துக்கொண்டிருக்கும். அலறலின் கடைசி அசை வெறும் சத்தமாக முடியாமல் ஒரு ஸ்வரத்தின் பக்கம் சாயும், அந்த ஸ்வரத்திலேயே பாட்டு தொடங்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை சித்தி பையனுக்கு இதை விளக்காமல் வெறுமனே கேட்கச் சொன்னேன். மூன்றாவது தடவை ஓடும்போது 2 நிமிடம் 10 நொடி பக்கத்தில் கையைத் தூக்கி நிறுத்தினான். பத்து நொடி பின்னால் தள்ளினான், மறுபடி கேட்டான், மறுபடி தள்ளினான். “அண்ணா, இந்தக் கத்தல் முடியவே இல்லை, இதுவேதான் பாட்டாக ஆகிறது” என்றான். ஆமாம், அதுதான்.

இன்னொரு விஷயம், குரல். அலறல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே பல வகை. மேல் ஸ்தாயியில் எண்ணெயில் பொரிவதுபோலக் கேட்பது ஃப்ரை. நெஞ்சுக்கூட்டிலிருந்து வருவதுபோல அகலமாகக் கேட்கும் இன்னொரு வகை, குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவிட்டுச் செய்வது. இவற்றுக்கும் கீழே தொண்டைக்குழியில் உருளும் ஆழமான உறுமல் ஒன்று உண்டு. விஷுவல் கே பாடகர்கள் இவற்றோடு கிசுகிசுப்பு, அழுகை, சிரிப்பு, ஜப்பானியப் பழைய சினிமாப் பாட்டுகளில் வரும் கொஞ்சம் கூடுதலாக நடுங்கும் குரல் எல்லாவற்றையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவருவார்கள். ஸ்டூடியோவில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்க முடியும் என்பதால் ஒன்று கவனியுங்கள். அலறல் முடிவதற்கு முன்பே ராகக் குரல் தொடங்கிவிட்டால் அது ஒரே மூச்சில் பாடியது இல்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதே இடத்தை மேடையில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு நேரடி வீடியோவில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பாடகரைப் பற்றிப் பேசவேண்டும்.

வேடம்

இரண்டாவது தடவை வீடியோவோடு பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் “யாருடா இது, ஆணா பெண்ணா?” என்ற கேள்வி வரும். என் பாட்டியும் கேட்டாள். செய்யாறு பக்கத்துக்காரி, சின்ன வயதில் விடிய விடியக் கூத்து பார்த்தவள். “கூத்துல பெண் வேஷம் கட்டுறது ஆம்பளைதானே பாட்டி, அது மாதிரி” என்றதும் அவளுக்கு அதற்குமேல் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த கிடாரிஸ்டுக்கு முகத்தில் அரிதாரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு குறை வேறு சொன்னாள். ஜப்பானிலும் கபூக்கியில் பெண் பாத்திரங்களை ஆண்கள் ஏற்று நடிக்கும் மரபு நூற்றாண்டுகளாக இருக்கிறது. விஷுவல் கே வேடத்தை மேக்கப் என்று நினைத்துப் பார்ப்பதைவிட, வேடம் கட்டுவது என்று நினைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். கூத்தில் கிரீடத்தையும் புஜகட்டையையும் பார்த்ததும் இது யார், என்ன குணம் என்று தெரிந்துவிடுகிறது இல்லையா, அதுபோல ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இவர்கள் புது உடை தைத்து, புது முகம் எழுதுகிறார்கள். போன வெளியீட்டின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போனார்களா, துணி குறைந்து தோல் பட்டைகள் கூடினவா, பாடகர் மட்டும் வேடத்தைக் குறைத்துக்கொண்டாரா? பாட்டு எந்தப் பக்கம் போகிறது என்பது பெரும்பாலும் அந்த மாற்றத்திலேயே தெரிந்துவிடும்.

வருடம் ஆக ஆக வேடத்தை முழுக்கக் கழற்றிவிடுகிற பேண்டுகளும் இருக்கின்றன. அதை முதிர்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேடம் கட்டி நன்றாகப் பாடுவது ஒன்றும் குறைந்த வேலை இல்லை.

சொற்கள்

மூன்றாவது தடவை பாடல் வரிகளோடு. இங்கே தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியம் போலவே வினைச்சொல்லில் முடியும், வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டும். ‘கிமி நோ கோஎ கா கிகோஎரு’ என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிமி என்றால் நீ, நோ என்பது உடைய, கோஎ குரல், கா எழுவாயைக் காட்டும் ஒட்டு, கிகோஎரு கேட்கிறது. ‘உன்னுடைய குரல் கேட்கிறது.’ சொல்லுக்குச் சொல் அதே வரிசை. கேட்கிறது என்ற சொல்லை நாம் எப்படி யார் கேட்கிறார்கள் என்று சொல்லாமலே பயன்படுத்துகிறோமோ அதே மாதிரிதான் கிகோஎரு. இதையே ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகப் படித்தால் வாக்கியம் தலைகீழாகி, பாடகர் எந்தச் சொல்லில் அழுத்தினார் என்பதே தெரியாமல் போய்விடும். கேமரா மொழிபெயர்ப்பு ஆப் வைத்துப் படித்தாலும் வரியைத் தமிழ் வரிசையில் நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் சொல்லிவிடுகிறேன். விஷுவல் கே பாடலாசிரியர்கள் எழுதுவது ஒன்று, பாடுவது ஒன்று. காரணம் என்று பொருள்படும் ‘ரியூ’வை எழுதிவிட்டு ‘வாகே’ என்று பாடுவார்கள், விதி என்று பொருள்படும் ‘உன்மெய்’யை எழுதிவிட்டு ‘சதாமே’ என்று பாடுவார்கள். காதுக்கு ஒரு சொல், கண்ணுக்கு ஒரு சொல். ஆகவே ஆப் சொல்வதும் காதில் விழுவதும் பொருந்தவில்லை என்றால் குழம்பவேண்டாம், இரண்டுமே சரி. மொழியை ஒழுங்காகப் படிக்க ஆசை வந்தால் சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய் நிலையம் இருக்கிறது, ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியையும் ஜூலையிலும் டிசம்பரிலும் இங்கேயே எழுதலாம்.

வாங்குவது

மூன்று தடவை கேட்டுத் தேறும் என்று தோன்றிவிட்டால் சிடி வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சின்ன விஷுவல் கே பேண்டுகள் சிடியிலும், ‘செக்கி’ என்று அவர்கள் சொல்லும் உடனடிப் புகைப்படத்திலும், டி-ஷர்ட்டிலும்தான் ஓடுகின்றன. அவை விற்கவில்லை என்றால் இரண்டு வருடத்தில் கலைந்துவிடுவார்கள். அப்படிக் கலைந்துபோன எத்தனையோ நல்ல பேண்டுகளின் ஒரே ஒரு சிடி என் அலமாரியில் இருக்கிறது.

முதல் வேலை, உங்கள் வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுவது. நம் கார்டுகளில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். பணம் போய் முடிந்ததும் திரும்ப மூடிவிடுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை பிடிக்கும் கார்டுகள் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். ஜப்பானில் சிடிக்கு நிர்ணய விலை முறை இருக்கிறது, கடைகள் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது, அதனால் தள்ளுபடிக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. ஒரு சிங்கிள் 1,500 முதல் 2,000 யென், ஆல்பம் 3,000-க்கு மேல். 1,000 யென் ஏறத்தாழ 550 முதல் 600 ரூபாய்.

புது வெளியீட்டை சிடிஜப்பான் என்ற இணையக் கடையில் முன்பதிவு செய்வது சுலபம், இந்தியாவுக்கு நேராக அனுப்புவார்கள். இசை அரங்கில் மட்டும் விற்ற சிடி, தீர்ந்துபோன முதல் அச்சு என்றால் பழைய பொருள் விற்கும் மெர்கரி, சுருகயா மாதிரி தளங்களில்தான் தேடவேண்டும். அவை பெரும்பாலும் நம் முகவரிக்கு நேராக அனுப்பாது. ஸென்மார்க்கெட், பைய்யீ போன்ற இடைத்தரகு சேவைகள் நமக்காக வாங்கி, தங்கள் கிடங்கில் வைத்து, மொத்தமாகக் கட்டி அனுப்பும். ஒரு சிடி உறையோடு 100 கிராம் பக்கத்தில்தான் வரும், ஆனால் தபால் செலவில் முதல் அரைக் கிலோதான் பெரிய தொகை. ஆகவே தனியாக ஒன்று வரவழைப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் தலைக்கு விழும் செலவு நன்றாகக் குறையும். பழைய சிடி வாங்கும்போது ‘ஓபி’ இருக்கிறதா என்று பாருங்கள். உறையின் முதுகைச் சுற்றி வரும் அந்த நீளக் காகிதப் பட்டைதான் ஓபி. அது இல்லாத சிடிக்கு மதிப்பு குறைவு.

அஞ்சல் துறையின் விரைவுத் தபாலான இஎம்எஸ்-ல் அனுப்பினால் ‘இ’யில் தொடங்கி ‘ஜேபி’யில் முடியும், எழுத்தும் இலக்கமுமாக 13 இடம் கொண்ட கண்காணிப்பு எண் கிடைக்கும். அதே எண்ணை இந்திய அஞ்சல் துறை தளத்திலும் போட்டுத் தேடலாம். வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கச் சோதனையில் சில நாள் நிற்கும், கவலைப்படவேண்டாம். வரி விதித்தால் தபால்காரர் கொண்டுவரும்போது வாங்கிக்கொள்வார். பொருளின் விலையோடு தபால் செலவையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள், அதனால் பணத்தைக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்கி வையுங்கள். தனியார் கூரியரில் வந்தால் ஆதார் அல்லது பான் விவரம் கேட்டு மெயில் வரும், அதற்குப் பதில் போடாமல் விட்டால் பெட்டி அங்கேயே கிடக்கும்.

மழைக்காலம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு டிசம்பரில் நான் வெகுநாள் தேடிக் கிடைத்த முதல் அச்சு ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் மணி அடிக்காமல் காம்பவுண்டு கேட்டுக்கு உள்பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார், அன்று இரவு முழுக்க மழை. மறுநாள் காலையில் அட்டைப்பெட்டி தோசைமாவு மாதிரி ஆகியிருந்தது. தட்டு பிழைத்துக்கொண்டது. ஓபி உறையோடு ஒட்டி, பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. சிறுபுத்தகத்தில் பாடகரின் முகம் எதிர்ப்பக்கத்தில் அச்சாகியிருந்தது. அதிலிருந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் பார்சலுக்கெல்லாம் உள்ளே பிளாஸ்டிக் உறை போடச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறேன், முகவரியில் மாடி எண்ணையும் போன் எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு போடுகிறேன். மழை இல்லாத நாளிலும் நம் ஊர்க் காற்றின் ஈரம் போதும், வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செருப்புப் பெட்டியில், மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சிடி அலமாரியில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை சிறுபுத்தகத்தை வெளியே எடுத்து ஒரு புரட்டு புரட்டுங்கள்.

டிவிடிகளை எந்த நாட்டில் ஓட்டலாம் என்று மண்டல எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். டைப் ஏ வாங்கினால் அதில் இருக்கும் டிவிடி ஜப்பானின் மண்டலம் 2, நம்முடையது மண்டலம் 5. ப்ளூரே என்றால் அவர்களுக்கு ஏ, நமக்கு சி. வீட்டில் இருக்கும் பிளேயர் மறுத்துவிடலாம். ரிச்சி தெருவில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக் கணினியில் போட்டு, மண்டலக் கட்டுப்பாடு பார்க்காத விஎல்சி மாதிரியான மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவின் மண்டல அமைப்பைச் சில தடவைகளுக்கு மேல் மாற்ற முடியாது, அதை விளையாட்டாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அதே டிரைவில் சிடியைக் கணினிக்கு ஏற்றிக்கொள்ளலாம். பாட்டுப் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால் சிடி கெட்டுப்போகவில்லை, பழைய ஜப்பானிய எழுத்துக் குறியீட்டில் விவரம் வந்திருக்கிறது என்று அர்த்தம். மியூசிக்ப்ரெய்ன்ஸ் பிக்கார்ட் மென்பொருளில் ஏற்றித் தேடினால் பெரும்பாலும் சரியான பெயர்கள் வந்துவிடும்.

நேரடி நிகழ்ச்சி

வெளியீட்டை ஒட்டிச் சுற்றுப்பயணம் இருக்கும், கடைசி நாள் நிகழ்ச்சியைச் சில பேண்டுகள் இணையத்தில் கட்டண ஒளிபரப்பாகவும் தருகிறார்கள். வெளிநாட்டுக் கார்டை ஏற்கும் தளம் என்றால் நம் கார்டிலேயே டிக்கெட் எடுக்கலாம். பார்ப்பதற்கு முன் இரண்டு மூன்று சொற்கள் தெரிந்திருந்தால் நல்லது. பார்வையாளர்களுக்கு இடப்பக்கம் ‘ஷிமோதே’, வலப்பக்கம் ‘காமிதே’. ரசிகர்கள் கிடாரிஸ்டுகளைப் பெரும்பாலும் இந்தப் பக்கத்தை வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். மெட்டான இடத்தில் எல்லோரும் கைகளை விரித்து மேடையை நோக்கி நீட்டுவது ‘சகு’, பூப்பது என்று பொருள். பிரேக்டவுனில் கூட்டம் பின்னாலிருந்து முன்னால் பாய்ந்து மேடை ஓரத்தில் மோதுவது ‘கியாகுதாய்’. நீங்கள் தையலைத் தேடிய அந்த நாலு நொடியில் கூட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். மோதிக்கொண்டிருந்தவர்கள் சபியின் முதல் எழுத்திலேயே கை விரித்து நின்றால் அந்த இடம் அவர்களுக்குள்ளும் இறங்கிவிட்டது.

அங்கே நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாலை 6 அல்லது 6.30-க்குத் தொடங்கும், நமக்கு மதியம் 2.30 அல்லது 3. ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பாட்டை முடித்துவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு உட்காருங்கள். அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது, சித்தி பையனும் வருகிறான், பாட்டியும் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.